பெங்களூரில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் பணம் யார் தருவார்கள்? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

மே மாதம் முதல் பெரிய மழை கொட்டியதும் பெங்களூர்த் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடும். "ஹோம் இன்ஷூரன்ஸ் எடுத்து வைக்கலாமா, இல்லை கவர்மென்ட் ஏதாவது கொடுக்குமா?" கேட்பவர்கள் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. ஒருவர் ஹொரமாவில் கிரவுண்ட் ஃப்ளோரை லீஸுக்கு எடுத்திருக்கிறார். இன்னொருவர் சர்ஜாபூர் ரோட்டில் ஏழாவது மாடி ஃபிளாட்டுக்கு இ.எம்.ஐ. கட்டுகிறார். மூன்றாமவருக்கு அல்சூரில் ஒரு மளிகைக் கடை. மூவருக்கும் ஒரே பதிலைச் சொன்னால் இரண்டு பேருக்காவது அது தப்பாகத்தான் போகும்.

முதலில் இந்த ஊர் வெள்ளத்தின் குணத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முடிவு அதில்தான் இருக்கிறது. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே ஒரு மேட்டில் இருக்கிறது. கரை உடைத்து வர இங்கே பெரிய ஆறு கிடையாது. ஒரு ஏரி நிரம்பி அடுத்த ஏரிக்குப் போக ராஜகாலுவே என்னும் வாய்க்கால்கள் இருந்தன. கோரமங்களா பள்ளத்தாக்கில் 1900களின் தொடக்கத்தில் சுமார் 113 கிலோமீட்டர் இருந்த வாய்க்கால், 2016-17இல் ஏறக்குறைய 63 கிலோமீட்டராகச் சுருங்கிவிட்டது என்று 2021இல் வெளியான சிஏஜி (மத்தியத் தணிக்கைத் துறை) அறிக்கை சொல்கிறது. போக வழியில்லாத தண்ணீர் பள்ளமான இடத்தில் ஏறி நிற்கிறது. 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், ஏமலூர் பக்கம் அப்படித்தான் நின்றது. 2024 அக்டோபரில் எலஹங்கா கேந்திரிய விஹாரில் ஆட்களைப் படகில் ஏற்றி வெளியே கொண்டுவந்தார்கள். 2025 மே மாதம் ஹொரமாவு சாய் லேஅவுட். நின்ற தண்ணீர் ஒன்றிரண்டு நாளில் வடிந்து தட்சிண பினாகினியில் கலந்து, நம்ம ஓசூர் கெலவரப்பள்ளி அணையை நோக்கிப் போய்விடும்.

சுவர் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. போவது ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில், பத்திரங்கள் இருந்த பீரோவின் கீழ்த்தட்டு, செல்லாரில் (தரைக்குக் கீழே உள்ள அடித்தளத்தில்) நின்ற கார், லிஃப்ட் மோட்டார், மின்பலகை. ஆனால் அரசின் நிவாரண விதியும் சரி, வங்கி லோனோடு வரும் பாலிசியும் சரி, முக்கியமாகப் பார்ப்பது சுவரைத்தான். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து கேள்விகள் போதும். எந்த நஷ்டத்துக்குப் பணம் வரும்: கட்டடத்துக்கா, சாமானுக்கா, பொது இடத்துக்கா? அது சட்டப்படி கேட்டு வாங்கக் கூடியதா, கொடுத்தால் வாங்கிக்கொள்வதா? எத்தனை நாளில் வரும்? பிரீமியத்துக்கு மேல் நமக்குத் தெரியாமல் போகும் செலவு என்ன? கடைசியாக, இந்த ஊருக்கே உரிய கேள்வி ஒன்று: வீடு பி-காத்தாவாக (முறையான அங்கீகாரம் இல்லாத சொத்துகளுக்கான மாநகராட்சிப் பதிவு) இருந்தால் இந்த வழி திறக்குமா?

பிரீமியத்தை நான் முதல் அளவுகோலாக வைக்கவில்லை. ஏன் என்பது இரண்டாவது வழியைப் படிக்கும்போது புரியும்.

## வழி 1: அரசு நிவாரணத்தை நம்பியிருப்பது

அடிப்படைச் சட்டம் 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம். பாதிக்கப்பட்டவர்களுக்குக் குறைந்தபட்ச நிவாரணத்துக்கான வழிகாட்டுதல்களை வகுக்க வேண்டும் என்று அதன் 12ஆவது பிரிவு சொல்கிறது. கோவிட் மரணங்கள் தொடர்பான வழக்கில் 2021இல் உச்சநீதிமன்றம், இது அதிகாரிகள் விருப்பப்பட்டால் செய்கிற வேலை இல்லை, கட்டாயக் கடமை என்றது. ஆனால் எவ்வளவு தொகை என்பதை அதிகாரிகளே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டது. ஆக, நிவாரணம் உண்டு என்பது சட்டம். எவ்வளவு என்பது அரசாணை.

15ஆவது நிதிக்குழுவின் காலத்துக்கு, அதாவது 2026 மார்ச் வரைக்கும் மத்திய உள்துறை வகுத்த மாநிலப் பேரிடர் நிவாரண நிதி விதிகளைப் பாருங்கள். உயிரிழப்புக்கு 4 லட்சம் ரூபாய். சமவெளியில் முழுதாக இடிந்த வீட்டுக்கு 1.2 லட்சம். ஓரளவு சேதமான பக்கா வீட்டுக்கு 6,500 ரூபாய், அதுவும் சேதம் 15 சதவீதமாவது இருந்தால். துணிமணிக்குக் குடும்பத்துக்கு 2,500, பாத்திர பண்டத்துக்கு இன்னொரு 2,500. நம் ஹொரமாவு நண்பருக்கு இந்தத் தொகையில் ஒரு வாஷிங் மெஷின்கூட வராது.

தொகையைவிட நிபந்தனைகள்தான் பெங்களூர்க்காரர்களைக் கவிழ்க்கின்றன. துணிமணிக்கும் பாத்திரத்துக்கும் தரும் பணம், வீடு அடித்துச் செல்லப்பட்டிருந்தால், முழுதாக இடிந்திருந்தால், அல்லது இரண்டு நாளுக்கு மேல் கடுமையாகத் தண்ணீர் சூழ்ந்திருந்தால் தருவது. ராத்திரி இடுப்பளவு ஏறி மறுநாள் மத்தியானம் வடிந்துபோகும் நம்ம ஊர்த் தண்ணீர் எழுத்துப்படி இந்தக் கணக்கிலேயே வராது. இந்த ஓட்டையை அடைக்க மாநில அரசு தன் பணத்தையும் சேர்த்துத் தருவதுண்டு. 2019 வெள்ளத்துக்குப் பிறகு கர்நாடகத்தில் தண்ணீர் புகுந்த குடும்பங்களுக்கு 10,000 ரூபாய் கொடுத்தது அப்படித்தான். இது ஒவ்வொரு வெள்ளத்துக்கும் தனி ஆணையாக வருவது. போன தடவை கிடைத்ததே என்று இந்தத் தடவை கணக்குப் போட முடியாது.

அடுத்தது காத்தா விவகாரம். சேதமான வீடு அங்கீகரிக்கப்பட்ட கட்டுமானம் என்று மாநில அதிகாரி சான்று தர வேண்டும் என்பது வீட்டுச் சேத உதவிக்கான மத்திய விதி. ரெவின்யூ சைட்டில் (லேஅவுட் அனுமதி இல்லாத மனையில்) கட்டிய வீடு, பிளானை மீறி எழுப்பிய மாடி, ராஜகாலுவேயின் ஒதுக்குப் பகுதிக்குள் வந்துவிட்ட சுவர் எல்லாம் இங்கே மாட்டிக்கொள்ளும். 2015 மாஸ்டர் பிளான்படி பெரிய வாய்க்காலுக்கு 50 மீட்டர், இரண்டாம் நிலைக்கு 25, மூன்றாம் நிலைக்கு 15 மீட்டர் விட வேண்டும். பசுமைத் தீர்ப்பாயம் 2016இல் இந்த அளவுகளைக் கூட்டியது; 2019 மார்ச்சில் உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்தது. நிவாரணம் கேட்டு மனு போடுகிறவர், அந்த மனுவாலேயே சர்வேயில் சிக்கிவிடுவோமோ என்று பயந்து பேசாமல் இருந்துவிடுவதும் உண்டு.

பணம் எப்போது வரும்? ரெவின்யூ ஆட்கள் வந்து மஹஜர் (நேரில் பார்த்த சேத அறிக்கை) எழுதி, பட்டியல் போய், அனுமதி வந்து, வங்கிக் கணக்கில் ஏற வேண்டும். எந்தத் தேதிக்குள் என்று பிடித்துக் கேட்க வழியில்லை. மறைமுகச் செலவு உங்கள் லீவு நாட்கள்தான். அப்புறம், முன்பு பிபிஎம்பி என்ற ஒரே மாநகராட்சி இருந்த இடத்தில் 2025 செப்டம்பரிலிருந்து கிரேட்டர் பெங்களூர் ஆணையத்தின் கீழ் ஐந்து மாநகராட்சிகள். உங்கள் வார்டு எதில் இருக்கிறது என்று வெயில் காலத்திலேயே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் 2025இல் வந்த திருத்தம், மாநிலத் தலைநகரங்களுக்கும் மாநகராட்சி உள்ள நகரங்களுக்கும் நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைக்க வழிசெய்கிறது. நல்லதுதான். ஆனால் அது திட்டமிடலுக்கான ஏற்பாடு. உங்கள் ஃபிரிட்ஜுக்கான தொகையை மாற்றாது. இந்த உதவி நிவாரணமே தவிர, இழந்ததற்கு ஈடு ஆகாது என்று மத்திய அரசே திரும்பத் திரும்பச் சொல்கிறது. அதை அப்படியே எடுத்துக்கொள்வது நமக்கு நல்லது.

இது யாருக்கு நல்ல வழி? இழக்கப் பெரிய சாமான் இல்லாத, ஆனால் இருக்கும் கொஞ்சத்தையும் இழந்தால் மறுநாள் அடுப்பு எரியாத குடும்பங்களுக்கு. ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாக இருக்கும் வட்டார வீடுகளில், ஷீட் போட்ட வீடுகளில் இருப்பவர்களுக்கு 10,000 ரூபாய் பெரிய தொகை. வாடகைக்கு இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். துணிமணி, பாத்திர உதவி குடும்பத்துக்கு என்று வகுக்கப்பட்டது, ஓனருக்கு என்று இல்லை. பட்டியலில் ஓனர் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு போனால் அங்கேயே கேளுங்கள். கன்னடத்தில் ஒரு மனு எழுதித் தரச் சொல்லிப் பக்கத்து வீட்டாரிடம் கேட்டால் யாரும் மறுக்கமாட்டார்கள்.

## வழி 2: நீங்களே எடுக்கும் வீட்டுப் பாலிசி

அமெரிக்காவில் இருக்கும் மச்சினன் "ஃப்ளட் இன்ஷூரன்ஸ் தனியா வாங்கணும்" என்று சொல்லியிருப்பார். அங்கே அது உண்மை. சாதாரண வீட்டுப் பாலிசியில் வெள்ளம் கிடையாது. 1968இல் தொடங்கிய தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் தனியாக வாங்க வேண்டும். வெள்ள அபாயப் பகுதி என்று குறித்த இடத்தில் வீட்டுக் கடன் வாங்கினால் பெரும்பாலும் அது கட்டாயமும்கூட. இந்தியாவில் அப்படி ஒரு கட்டாயமும் இல்லை, தனிப் பாலிசியும் தேவையில்லை.

2021 ஏப்ரல் 1 முதல் வீடுகளுக்குக் காப்பீடு விற்கும் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் எல்லாம் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான பாலிசியைத் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ விதி வைத்திருக்கிறது. தீ, இடி, புயல், வெள்ளம், தண்ணீர் சூழ்தல், நிலநடுக்கம், நிலச்சரிவு எல்லாம் அதில் அடக்கம். வீட்டைப் பூட்டிக்கொண்டு உறவினர் வீட்டுக்குப் போன சமயத்தில் திருட்டு நடந்தால், வெள்ளம் நடந்த 7 நாளுக்குள் என்றால் அதற்கும் பணம் உண்டு.

இந்தப் பாலிசியில் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டியது தொகை கணக்கிடும் முறை. வீட்டின் சந்தை விலையை இங்கே பார்ப்பதில்லை. கார்ப்பெட் ஏரியாவை இன்றைய கட்டுமானச் செலவால் பெருக்கி வரும் தொகைதான் காப்பீட்டுத் தொகை. 1,000 சதுர அடி, சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்: 25 லட்சம். ஃபிளாட் ஒரு கோடிக்கு வாங்கியதாக இருக்கலாம்; மீதி நிலத்தின் விலை, நிலத்தைத் தண்ணீர் தூக்கிக்கொண்டு போகாது. இந்தத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, சாமான்களுக்குத் தானாகவே சேர்ந்துவிடும். நம் கணக்கில் 5 லட்சம். அதற்கு மேல் சாமான் இருந்தால் பட்டியல் கொடுத்துக் கூட்டிக்கொள்ளலாம். நகை, வெள்ளி, ஓவியம் போன்றவை தானாகச் சேராது, கேட்டு வாங்க வேண்டும். ரொக்கமும் வாகனமும் சாமான் கணக்கில் வரவே வராது.

இன்னொரு நல்ல அம்சம், கட்டடத்தைக் கொஞ்சம் குறைத்து இன்ஷூர் செய்துவிட்டீர்கள் என்று கிளெய்ம் தொகையை அதே விகிதத்தில் வெட்டும் பழைய வழக்கம் இந்தப் பாலிசியில் தள்ளுபடி. பரப்பளவையும் மற்ற விவரங்களையும் சரியாகக் கொடுத்திருந்தால் போதும். வீடு குடியிருக்க முடியாமல் போனால் மாற்று வீட்டின் வாடகைக்கும் ஏற்பாடு உண்டு. பெல்லந்தூர் பக்கம் ஹோட்டலில் தங்கிய குடும்பங்களைக் கேட்டால் அதன் அருமை தெரியும்.

பிரீமியம்? 50 லட்ச ரூபாய்க் கட்டடத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து ஆண்டுக்குப் பெரும்பாலும் சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். காருக்குக் கட்டுவதைவிடக் குறைவு. அதனால்தான் பிரீமியத்தை முதல் அளவுகோலாக வைக்கவில்லை. ஆயிரம் ரூபாய் மலிவான பாலிசியைத் தேடி ஆன்லைனில் பாதி நாளைச் செலவழிப்பவர், சாமான் பட்டியலை எழுத அரைமணி நேரம் ஒதுக்குவதில்லை.

மறைமுகச் செலவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு கிளெய்மிலும் முதலில் நீங்கள் ஏற்க வேண்டிய தொகை எவ்வளவு என்று பாலிசி அட்டவணையில் பாருங்கள். சாமான் இருந்ததற்கு ஆதாரம் வேண்டும். பில் இல்லாவிட்டால் வெள்ளத்துக்கு முன் எடுத்த வீடியோ ஒன்று இருந்தால்கூட, சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயரோடு பேச்சு சுலபமாகும். நனைந்த சாமானை அவர் வருமுன் தெருவில் தூக்கிப் போட்டுவிட்டால் பேச்சே இல்லை. நாற்றம் தாங்காது என்பது தெரியும், இருந்தாலும் படம் எடுத்து, கம்பெனிக்கு மெயில் அனுப்பிய பிறகு அகற்றுங்கள். அரசு உத்தரவின்பேரில் இடிக்கப்பட்டால் பாலிசி தராது. ராஜகாலுவே ஆக்கிரமிப்பு என்று புல்டோசர் வந்தால் எந்தக் காப்பீடும் உதவாது.

வேகத்தில் இது முதல் வழியைத் தாண்டிவிடுகிறது. 2024 ஜூனில் ஐஆர்டிஏஐ வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, தகவல் வந்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை ஒதுக்க வேண்டும், 15 நாளுக்குள் அவர் அறிக்கை தர வேண்டும், அறிக்கை வந்த 7 நாளுக்குள் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். ஊரே மூழ்கிய வாரத்தில் இது அச்சுப் பிசகாமல் நடக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் தேதி தாண்டினால் சுட்டிக்காட்ட ஒரு விதி கையில் இருக்கிறது, அரசு நிவாரணத்தில் அதுவும் இல்லை.

லீஸுக்கு இருக்கும் ஹொரமாவு நண்பருக்கு ஒரு செய்தி: கட்டடத்தை விட்டுவிட்டு சாமானுக்கு மட்டும் இதே பாலிசியை எடுக்கலாம். சுவர் ஓனருடையது, அவர் பார்த்துக்கொள்ளட்டும். ஓனரிடம் கொடுத்த லீஸ் அட்வான்ஸ் லட்சங்களில் இருக்கும். அதற்கும் வெள்ளத்துக்கும் சம்பந்தமில்லை, எந்தப் பாலிசியும் அதைத் தொடாது. வீடு குடியிருக்க லாயக்கில்லாமல் போனால் அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும் என்று அக்ரிமென்டில் ஒரு வரி எழுதி வாங்குங்கள்.

கடைக்காரர்கள் இதை எடுக்க முடியாது. அவர்களுக்கு, மொத்த மதிப்பு 5 கோடி வரை என்றால், 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற தனிப் பாலிசி. அதில் சரக்கையும் சேர்க்கலாம். குறைத்து இன்ஷூர் செய்த விஷயத்தில் 15 சதவீதம் வரைதான் அங்கே மன்னிப்பு. தீபாவளிக்கு முன்னால் சரக்கை இரண்டு மடங்காக நிரப்புகிறவர் ஜூனில் சொன்ன தொகையை அப்படியே விட்டுவைத்தால், அக்டோபர் மழையில் பாதிதான் கைக்கு வரும்.

## வழி 3: அசோசியேஷன் எடுக்கும் பாலிசி

ஏழாவது மாடியில் இருப்பவருக்கு உண்மையில் எது நனையும்? அவருடைய ஹால் நனையாது. கீழே லிஃப்ட் குழி, ஜெனரேட்டர், தண்ணீர் மோட்டார், மின்பலகை, எஸ்டிபி என்னும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். இவை எதுவும் அவருடைய கார்ப்பெட் ஏரியாவில் இல்லை. அவர் எடுத்த வீட்டுப் பாலிசி இவற்றுக்குப் பணம் தராது. ஆனால் செலவு மட்டும் மெயின்டனன்ஸ் பில்லாக, 'ஸ்பெஷல் கலெக்ஷன்' என்ற பெயரில், அவர் வாசலுக்கு வந்துவிடும்.

1972ஆம் ஆண்டின் கர்நாடக அபார்ட்மென்ட் உரிமைச் சட்டத்திலேயே இதற்கு வழி இருக்கிறது. துணைவிதிகள் சொன்னாலோ, பெரும்பான்மை உரிமையாளர்கள் கேட்டாலோ, நிர்வாகக் குழு மொத்தக் கட்டடத்தையும் தீ முதலிய ஆபத்துகளுக்கு எதிராகக் காப்பீடு செய்யலாம். பிரீமியம் பொதுச் செலவு. தனி உரிமையாளர் தன் ஃபிளாட்டுக்குத் தனியாக எடுப்பதை இது தடுக்காது. ஆக, ஜெனரல் பாடியில் கை தூக்கச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. பக்கத்தில் இருப்பவர்களையும் கை தூக்கவைப்பதுதான் கஷ்டம்.

மேல்மாடிக்காரர்கள் "எங்களுக்கு எதற்கு" என்பார்கள். லிஃப்ட் நின்று, தண்ணீர் மோட்டார் எரிந்து, பன்னிரண்டாவது மாடிக்குக் குடம் தூக்கும்போதுதான் தெரியும் வெள்ளம் யாருக்கு என்று. 2022இலும் 2024இலும் வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வராமலே வெளியேறியவர்கள் நிறைய.

இந்த வழியில் ஒளிந்திருக்கும் பொறி, சராசரிக் கணக்கு. பெரிய கட்டடங்களுக்கு எடுக்கும் பாலிசிகளில் பலவற்றில், 40 கோடி மதிப்பைக் குறைத்து 20 கோடிக்கு இன்ஷூர் செய்திருந்தால் 10 லட்ச ரூபாய் நஷ்டத்துக்கு 5 லட்சம்தான் கிடைக்கும். பிரீமியத்தைக் குறைத்துவிட்டோம் என்று பொருளாளர் பெருமையாகச் சொன்னால், எந்த எண்ணைக் குறைத்தார் என்று கேட்டுவிடுங்கள். செல்லாரில் உள்ள இயந்திரங்கள் பட்டியலில் இருக்கின்றனவா, அடித்தளத்துக்குத் தனி நிபந்தனை உண்டா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். வெள்ளத்தில் நனைந்த ஜெனரேட்டருக்குப் பணம் வரும். நனைந்ததைக் காயவைக்காமல் ஸ்விட்சைப் போட்டு எரித்துவிட்டால் அது இயந்திரப் பழுதா வெள்ளச் சேதமா என்று தகராறு தொடங்கிவிடும்.

புதுக் கட்டடமாக இருந்தால் பாலிசிக்கு முன்னால் பில்டரைப் பாருங்கள். ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டத்தின் 14(3) பிரிவுப்படி, கையில் ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ குறை தெரிந்து சொன்னால், 30 நாளில் தன் செலவில் சரிசெய்வது அவர் பொறுப்பு. ரேம்ப் வாசலில் மேடு வைக்காமல் ரோட்டுத் தண்ணீர் நேராக செல்லாருக்குள் இறங்குகிறது என்றால் அந்தக் கேள்வியை முதலில் அவரிடம் கேட்க வேண்டும்.

## வழி 4: வங்கி லோனோடு ஒட்டி வந்த பாலிசி

"எனக்கு லோன் கூடவே இன்ஷூரன்ஸ் இருக்கு" என்பவர்கள் அந்தக் காகிதத்தை ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும். பாதிப் பேரிடம் இருப்பது கடன் வாங்கியவர் இறந்தால் கடனை அடைக்கும் ஆயுள் காப்பீடு. அதற்கும் வெள்ளத்துக்கும் உறவே இல்லை. உண்மையில் வீட்டுப் பாலிசியாகவே இருந்தாலும், பல ஆண்டுப் பிரீமியத்தை மொத்தமாக லோனில் சேர்த்திருப்பார்கள். அதற்கும் இருபது வருஷம் வட்டி கட்டுகிறீர்கள். கட்டடத்துக்கான கிளெய்ம் பணத்தில் முதல் உரிமை வங்கிக்கு. தன் ஏஜென்சி விற்கும் பாலிசியையே எடுக்க வேண்டும் என்று வங்கி கட்டாயப்படுத்த முடியாது. வெளியே எடுத்து, வங்கியின் பெயரைச் சேர்த்துக் கொடுத்தால் போதும்.

பாலிசியை மறந்துவிடும் சுபாவம் உள்ளவருக்கு இது பயன்படும், ஏனென்றால் வருஷா வருஷம் ரினியூ செய்ய வேண்டியதில்லை. வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

## ஒரே பார்வையில்

| | அரசு நிவாரணம் | சொந்தப் பாலிசி | அசோசியேஷன் பாலிசி | லோன் பாலிசி |
|---|---|---|---|---|
| சாமான் | சிறு தொகை, நிபந்தனையோடு | உண்டு | பொதுவாக இல்லை | பாலிசியைப் பொறுத்தது |
| கட்டடம் | இடிந்தால் 1.2 லட்சம் | கட்டுமானச் செலவு வரை | மொத்தக் கட்டடத்துக்கும் | உண்டு, பணம் முதலில் வங்கிக்கு |
| லிஃப்ட், மோட்டார், செல்லார் | இல்லை | இல்லை | உண்டு, பட்டியலில் இருந்தால் | இல்லை |
| கேட்டு வாங்கும் உரிமை | தொகை அரசாணைப்படி | ஒப்பந்தப்படி | ஒப்பந்தப்படி, குழு மூலம் | ஒப்பந்தப்படி, வங்கியோடு சேர்ந்து |
| காலம் | சொல்ல முடியாது | விதி உண்டு | விதி உண்டு, குழு தாமதிக்கலாம் | விதி உண்டு |
| மறைமுகச் செலவு | லீவு, அலைச்சல் | முதல் தொகை, ஆதாரம் | குறைத்துக் காட்டிய மதிப்பு | பிரீமியத்துக்கும் வட்டி |
| பி-காத்தா | வீட்டுச் சேதத்துக்குச் சிக்கல் | வாங்கும்போதே எழுத்தில் கேளுங்கள் | அதேபோல் | லோனே கிடைப்பது கஷ்டம் |

ஒரே கட்டடத்தை மூன்று பாலிசியில் போட்டால் மூன்று மடங்கு பணம் வரும் என்று நினைக்க வேண்டாம். நஷ்டம் ஒன்று, பணமும் ஒருமுறைதான். கம்பெனிகள் தங்களுக்குள் பங்கு பிரித்துக்கொள்ளும். மூன்று பிரீமியம் மட்டும் உங்களுடையது.

## வண்டி தனிக் கணக்கு

மேலே சொன்ன நான்கில் எதுவும் செல்லாரில் மூழ்கிய காருக்கு உதவாது. மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயமான மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் வெள்ளத்துக்கு ஒரு பைசா வராது. சொந்தச் சேதமும் சேர்ந்த பாலிசி வேண்டும். அதிலும் தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து, இன்ஜினுக்குள் தண்ணீர் இழுத்துக் கெட்டுப்போனால், அது நீங்கள் வரவழைத்த சேதம் என்பார்கள். இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு அதற்காகத்தான். ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரிக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பதைத் தவிர்க்க ஜீரோ டெப்ரிசியேஷன். பள்ளத்தில் வீடு, செல்லாரில் பார்க்கிங் என்றால் இரண்டும் தண்டச் செலவு ஆகாது.

## பாலிசிக்கு முன்னால்

ரேம்ப் வாசலில் இறக்கி ஏற்றும் தடுப்புப் பலகை, சாக்கடைக் குழாயில் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு, மின்பலகையைச் செல்லாரிலிருந்து தரைத்தளத்துக்கு மாற்றுவது: இந்த மூன்றுக்கும் ஆகும் செலவை அசோசியேஷன் பிரீமியத்தோடு சேர்த்தே பேச வேண்டும். பணத்தைவிட உயிர்க் காரணம் ஒன்றும் உண்டு. 2025 மே மாதம் பிடிஎம் லேஅவுட்டில் ஒரு அபார்ட்மென்ட்டின் அடித்தளத்தில் தேங்கிய மழைநீரை மோட்டார் வைத்து இறைக்கும்போது மின்சாரம் தாக்கி ஒரு முதியவரும் ஒரு சிறுவனும் இறந்தார்கள். மின் இணைப்பைத் துண்டித்தாயிற்று என்று உறுதியாகத் தெரியாமல் யாரும் செல்லாருக்குள் இறங்கக் கூடாது, பொருளாளர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும்.

## என்னைக் கேட்டால்

கிரவுண்ட் ஃப்ளோரில் வாடகைக்கோ லீஸுக்கோ இருந்தால் சாமான் மட்டும் பாலிசி, இந்த மழைக்கு முன்பே. தனி வீடு சொந்தமாக இருந்தால் கட்டடமும் சாமானும் சேர்ந்தது. மாடி ஃபிளாட் என்றால் முதலில் அசோசியேஷன் பாலிசிக்காகச் சண்டை போடுங்கள், பிறகு சாமானுக்குச் சிறியதாக ஒன்று; கட்டடம் அங்கே ஏற்கெனவே சேர்ந்திருந்தால் தனியாகக் கட்டடத்துக்குக் கட்டாதீர்கள். பிரீமியம் கட்ட முடியாத நிலையில் இருப்பவர்களுக்கு அரசு நிவாரணம் ஒன்றுதான் வழி, அதனால் அதன் தொகையும் இரண்டு நாள் நிபந்தனையும் திருந்த வேண்டும் என்று கேட்பது மற்றவர்களின் வேலையும்கூட. எந்தப் பாலிசி இருந்தாலும் நிவாரண மனுவையும் போட்டுவிடுங்கள்.

நாகாலாந்து அரசு, மழை ஒரு அளவைத் தாண்டினாலே காப்பீட்டுப் பணம் அரசுக்கு வந்துசேரும் வகைப் பாலிசி ஒன்றைத் தன் பெயரிலேயே எடுத்திருக்கிறது. மஹஜர், சர்வேயர் ஒன்றும் வேண்டாம், மழைமானி சொன்னால் போதும். வார்டு வார்டாக மழை அளக்கும் கருவிகள் உள்ள ஒரு நகரத்தில் அதை யோசிக்காமல் இருப்பதுதான் ஆச்சரியம்.

## கம்பெனி மறுத்தால்

மறுப்பை எழுத்தில் கேளுங்கள். அதற்கு எதிராகக் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதி, ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் சரியில்லாவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். பெங்களூரிலேயே அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை, 50 லட்சம் வரை உத்தரவிட அதிகாரம் உண்டு. கம்பெனியின் இறுதிப் பதில் வந்த ஓராண்டுக்குள் போக வேண்டும். அசோசியேஷன் பெயரில் உள்ள பாலிசி என்றால் பொதுவாக நுகர்வோர் ஆணையம்தான். அங்கே காலக்கெடு இரண்டு ஆண்டு. ஐஆர்டிஏஐயின் 155255 எண்ணில் புகார் பதிவு செய்து, அந்தப் புகார் எண்ணைக் கம்பெனிக்கு அனுப்பும் அடுத்த மெயிலின் தலைப்பிலேயே போட்டுவிடுங்கள்.